எந்த எஞ்சின்?

இரண்டு எஞ்சின் உள்ள பயணிகள் விமானம் ஒற்றை எஞ்சினில் பறக்கும். எப்படியோ தத்தளித்துத் தரையைத் தொட்டுவிடும் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. முழுச் சுமையோடு ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கும்போது, இனி பிரேக் போட்டு நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தாண்டிய அடுத்த கணமே ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், மீதமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு அது எழும்ப வேண்டும், ஏற வேண்டும், சுற்றி வந்து இறங்க வேண்டும். சக்கரங்களை உள்ளிழுத்த பிறகு, 100 மீட்டர் முன்னே போனால் குறைந்தது 2.4 மீட்டராவது உயர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இதைச் செய்து காட்டாத விமானத்துக்குப் பயணிகளை ஏற்றும் சான்றிதழ் கிடைக்காது.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் ஏடிஆர் விமானங்களும் இந்தச் சோதனையைத் தாண்டி வந்தவைதான். புரொப்பல்லர் சுற்றும் விமானம் என்றதும் பலருக்கு உள்ளூர ஒரு நடுக்கம் வருகிறது. பழைய காலத்து வண்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் புரொப்பல்லரைச் சுழற்றுவதும் ஜெட் எஞ்சினைப் போன்ற ஒரு டர்பைன் எஞ்சின்தான். குறுகிய தூரத்துக்கும் சிறிய ஓடுபாதைக்கும் அதுவே சிக்கனமான ஏற்பாடு.

ஆக, ஓர் எஞ்சின் நிற்பது மட்டும் விமானத்தை வீழ்த்திவிடாது. அப்படியும் விமானங்கள் விழுந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்துப் பார்த்தால், கெட்டுப்போன எஞ்சினைவிட அதற்கு அடுத்த சில விநாடிகளில் மனிதர்கள் செய்ததே கேட்டுக்குக் காரணமாக இருக்கிறது. போனது இடதா வலதா? இவ்வளவு எளிய கேள்விக்குத் தவறான விடை எப்படி வரும் என்று புரிந்துகொள்ள, முதலில் புரொப்பல்லரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏடிஆர் 72 விமானத்தின் புரொப்பல்லருக்கு ஆறு இதழ்கள். விட்டம் ஏறத்தாழ 3.9 மீட்டர், இரண்டு ஆள் உயரத்துக்கும் மேல். இதழ்கள் ஒரே கோணத்தில் இறுகிப் பொருத்தப்பட்டவை அல்ல. ஒவ்வோர் இதழும் தன் அச்சில் திரும்பக்கூடியது. பறக்கும்போது புரொப்பல்லரின் சுழல் வேகம் பெரிதாக மாறுவதில்லை. இதழ்களின் கோணம் மாறி, எவ்வளவு காற்றைப் பிடித்துப் பின்னே தள்ளுவது என்பதைத் தீர்மானிக்கிறது.

எஞ்சின் நின்றுவிட்டால் இந்த ஏற்பாடே பகையாக மாறும். எஞ்சின் புரொப்பல்லரைச் சுழற்றியது போக, எதிர்க்காற்று அதைச் சுழற்றத் தொடங்கும். அப்படிச் சுழலும் புரொப்பல்லர் இறக்கையில் கட்டிவிட்ட பாரம் போல விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஓடும் படகில் துடுப்பின் அகன்ற முகத்தை நீருக்குக் காட்டினால் படகு திணறும், விளிம்பைக் காட்டினால் நீர் வழிவிடும். புரொப்பல்லருக்கும் அதே வைத்தியம்தான்: இதழ்களை முழுக்கத் திருப்பி, விளிம்பை மட்டும் காற்றுக்குக் காட்டி ஓய வைக்க வேண்டும். இதை விமானிகள் ஃபெதர் செய்வது என்பார்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். விமானம் உயரம் மாறாமல் மிதந்து செல்லவே ஒரு குறிப்பிட்ட ஆற்றல் செலவாகிறது. அதற்கு மேல் மிச்சமிருப்பதுதான் ஏறுவதற்குப் பயன்படும். இரண்டு எஞ்சினில் ஒன்று போனால் ஆற்றல் பாதியாகிறது. ஆனால் மிதப்பதற்கான செலவு அப்படியே இருக்கிறது. வெட்டு முழுவதும் அந்த மிச்சத்தின் மேல் விழுகிறது. ஏறும் திறன் பாதியாக அல்ல, அதைவிட வெகுவாகக் குறைந்துபோகிறது. எஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்சத்தையும், ஃபெதர் ஆகாமல் சுழலும் புரொப்பல்லர் ஒன்று தின்றுவிடும்.

அதனால்தான் எழும்பும் நேரத்தில் இந்த வேலையை மனிதக் கைக்கு விட்டுவைக்கவில்லை. ஒவ்வோர் எஞ்சினிலும் முறுக்குவிசையை அளக்கும் உணர்வி இருக்கிறது. அதிலிருந்து வரும் குறிகை ஒரு சிறு மின்னணுப் பெட்டிக்குப் போகிறது. முறுக்குவிசை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சரிந்தால், எஞ்சின் போய்விட்டது என்று பெட்டி முடிவு செய்யும். உடனே மறுபக்கத்து எஞ்சினின் ஆற்றல் தானாகக் கூடும். ஏடிஆர் 72-600இல் எழும்பும்போது 2,475 குதிரைத்திறன் தரும் எஞ்சின், தோழன் நின்றுவிட்டால் 2,750 வரை தரும். இரண்டு விநாடி சொச்சத்தில், நின்ற பக்கத்துப் புரொப்பல்லர் தானே ஃபெதர் ஆகிவிடும். விமானி எச்சரிக்கை மணியைக் கேட்டு நிமிர்வதற்குள் அவசர வேலையில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வகை எஞ்சினில், காற்றை அழுத்தி எரிபொருளை எரிக்கும் பகுதிக்கும் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் இடையே நேரடி இரும்புத் தண்டு கிடையாது. முன்னதிலிருந்து பீறிடும் சூடான வாயு பின்னதைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். ஏடிஆரில் ஏறப்போகும் பயணி இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறுத்தத்தில் நிற்கும்போது, வலது எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும். அதன் புரொப்பல்லரோ அசையாமல் நிற்கும். அதற்கென உள்ள பிரேக்கைப் போட்டுப் புரொப்பல்லரை நிறுத்திவிட்டு, எஞ்சினை மின்சாரத்துக்காகவும் குளிர்காற்றுக்காகவும் ஓட விட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடலாம், புரொப்பல்லர் நிற்கலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டு தைவானுக்குப் போவோம்.

2015 பிப்ரவரி 4. தைபே நகருக்குள்ளேயே இருக்கும் சோங்ஷான் விமான நிலையம். டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் 235ஆம் எண் விமானம், ஓராண்டு கூட நிறையாத ஏடிஆர் 72-600, கின்மென் தீவுக்குப் புறப்படுகிறது. பயணிகள் 53 பேர், ஊழியர்கள் 5 பேர். முன் இருக்கைகள் இரண்டிலும் இருந்தவர்கள் கேப்டன் தகுதி பெற்றவர்கள். அவர்களுக்குப் பின்னே மூன்றாவதாக ஒரு விமானியும் இருந்தார்.

ஓடுபாதையில் விரையும்போதே ஒரு சிறு அறிகுறி தென்பட்டது. மேலே சொன்ன தானியங்கி ஏற்பாடு தயார் என்று காட்டும் விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. ஒருவர் அதைக் கவனித்துச் சொன்னார். மற்றவர் தொடர்வோம் என்றார். சற்று நேரத்தில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரியாவிட்டால் புறப்பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதே அந்த நிறுவனத்தின் நடைமுறை. நின்றிருந்தால் பயணிகளுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகியிருக்கும். என்னைப் பொறுத்தவரை, இந்த விபத்தில் மிக மலிவாகத் தப்பித்திருக்கக்கூடிய தருணம் இதுதான்.

10 மணி 52 நிமிடம் 38 விநாடி. உயரம் சுமார் 1,200 அடி. தலைமை எச்சரிக்கை மணி ஒலித்தது. இரண்டாம் எஞ்சின், அதாவது வலது எஞ்சின், அணைந்துவிட்டது என்று திரை காட்டியது. வலது புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது. இடது எஞ்சினின் ஆற்றல் தானாகக் கூடியது. இதுவரை இயந்திரங்கள் தம் வேலையைச் செய்துவிட்டன.

உண்மையில் வலது எஞ்சின் அணையவில்லை. உணர்வியின் குறிகையைச் சுமந்த அந்த மின்னணுப் பெட்டிக்குள் ஈயப் பற்றுவைப்பு விரிசல் விட்டிருந்தது. அதனால் குறிகை விட்டுவிட்டு வந்தது. இல்லாத குறிகையை இல்லாத முறுக்குவிசையாகப் பெட்டி எடுத்துக்கொண்டது. நிறுத்தத்தில் பயணிகள் பார்ப்பது போலவே, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. புரொப்பல்லர்தான் வேலையை விட்டுவிட்டது. விமானிகளுக்கு அந்த நேரத்தில் இது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எஞ்சின் நின்றாலும் புரொப்பல்லர் ஓய்ந்தாலும் விளைவு ஒன்றே, செய்ய வேண்டியதும் ஒன்றே. இடது எஞ்சினைத் தொடாமல், அதன் பலத்தில் ஏறிக்கொண்டே போயிருக்கலாம்.

மணி ஒலித்த மூன்றாவது விநாடியில் விமானத்தை ஓட்டிய கேப்டன் ஆட்டோபைலட்டைத் துண்டித்தார். அடுத்த இரண்டு விநாடிகளில், ஒன்றாம் எஞ்சினின், அதாவது இடது எஞ்சினின், ஆற்றல் நெம்புகோலான த்ராட்டிலைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். சொன்னபடியே அதைப் பின்னே இழுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர், பொறுங்கள், சரிபார்ப்போம் என்ற பொருளில் பேசியது ஒலிப்பதிவில் இருக்கிறது. அந்தச் சரிபார்ப்பு முறையாக நடக்கவே இல்லை.

சரிபார்ப்பு என்பது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. எழும்பும் நேரத்தில் எஞ்சின் போனால், பாதுகாப்பான உயரம் வரும்வரை விமானத்தை நேராக வைத்துக்கொண்டு ஏறுவது ஒன்றுதான் விமானியின் வேலை. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கே பயிற்சி கொடுக்கிறார்கள். அதன் பிறகு ஒருவர் திரையில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும்: எந்தப் பக்கம் ஃபெதர் ஆகியிருக்கிறது, எந்தப் பக்கம் ஆற்றல் கூடியிருக்கிறது. ஒருவர் நெம்புகோலின் மேல் கை வைத்து, எந்த எண் என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். மற்றவர் பார்த்து, ஆம் என்று சொன்ன பிறகுதான் கை அசைய வேண்டும். இரண்டு ஜோடிக் கண்கள் ஒரே நெம்புகோலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை சடங்கு.

கால்களும் ஒரு சாட்சி சொல்லும். ஒரு பக்கத்து எஞ்சின் போனால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கமாகத் திரும்பும். நேராக வைக்க, நல்ல எஞ்சின் இருக்கும் பக்கத்து மிதியை அழுத்த வேண்டும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் போயிருக்கிறது. இரட்டை எஞ்சின் விமானம் பழகும் ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

ஆனால் நல்ல எஞ்சினைக் குறைத்துவிட்டால் இந்தச் சாட்சியும் கலைந்துபோகும். இரு பக்கமும் உந்துவிசை இல்லாதபோது மூக்கு எந்தப் பக்கமும் திரும்பாது. மிதியில் அழுத்தம் குறையும், விமானம் அமைதியாகும். இதை நான் மிகக் கொடிய பொறியாகக் கருதுகிறேன். மற்ற பல தொழில்களில், தவறு செய்தால் நிலைமை மோசமாகி நம்மைத் தட்டி எழுப்பும். இங்கே தவறான கை அசைவு, தொந்தரவைத் தற்காலிகமாகத் தீர்த்து வைக்கிறது. செய்தது சரி என்று மூளை முத்திரை குத்திவிடுகிறது.

விமானம் 1,630 அடிக்கு மேல் ஏறவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்பதைச் சொல்ல, விமானியின் கையில் உள்ள கட்டுப்பாட்டுக் கம்பமே நடுங்கத் தொடங்கும், அது நடுங்கியது. அத்தோடும் நிற்காமல், மணி ஒலித்து முக்கால் நிமிடம் ஆனபோது, இடது எஞ்சினின் எரிபொருளையே அடைத்துவிட்டார்கள். அந்த விமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே எஞ்சின் அது. பிறகு அவசர அழைப்பு விடுத்தார்கள். என்ன நடந்தது என்று புரிந்து, இடது எஞ்சினை மறுபடி உயிர்ப்பிக்க முயன்றார்கள். தவறான பக்கத்து த்ராட்டிலை இழுத்துவிட்டதாகக் கேப்டன் சொன்னபோது, மிச்சமிருந்தது பத்து விநாடிக்கும் குறைவு. எஞ்சின் வேகமெடுக்க அது போதாது.

அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு மேலே சரிந்து வந்த விமானம், ஒரு மேம்பாலத்தில் போய்க்கொண்டிருந்த டாக்ஸியை இறக்கையால் இடித்து, பாலத்தின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு கீலுங் ஆற்றில் தலைகீழாக விழுந்தது. பின்னால் வந்த காரின் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. 43 பேர் இறந்தார்கள். 15 பேர் பிழைத்தார்கள். முதல் மணி ஒலித்ததிலிருந்து இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

தைவான் விமானப் பாதுகாப்புக் குழுவின் இறுதி அறிக்கை 2016இல் வெளியானது. இடது எஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை, வலது எஞ்சினும் இயங்கும் நிலையிலேயே இருந்தது என்று அது உறுதி செய்தது. கேப்டனின் பயிற்சிப் பதிவுகளையும் குழு புரட்டியது. எஞ்சின் கோளாறு வரும் பயிற்சிகளில் அவர் பதற்றப்படுகிறார், நடைமுறையை முழுதாக முடிப்பதில்லை என்ற குறிப்புகள் அதில் முன்பே இருந்தன. விபத்துக்கு முந்தைய ஆண்டு கேப்டன் பதவிக்கான தேர்வில் முதல் முறை தேறாமல், மறுமுறை தேறியவர் அவர். அவரை மட்டும் குறை சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. விபத்துக்குப் பிறகு அரசு அந்த நிறுவனத்தின் ஏடிஆர் விமானிகளுக்கு வாய்மொழித் தேர்வு வைத்தபோது, 10 பேர் தேறவில்லை. பதற்றத்தைப் பதிவேட்டில் எழுதியவர்கள், அதைப் போக்க என்ன செய்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2014 ஜூலையிலும் அதே நிறுவனத்தின் இன்னொரு ஏடிஆர், பெங்ஹூ தீவுகளில் தரையிறங்கும்போது விழுந்து 48 பேர் இறந்திருந்தார்கள். 2016 நவம்பரில் நிறுவனமே மூடப்பட்டது.

தைபேயில் நடந்தது தனி ஒரு சம்பவம் அல்ல. 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழும்பிய ஜெட்ஸ்ட்ரீம் 41 என்ற சிறிய புரொப்பல்லர் விமானத்தில் வலது எஞ்சின் போனது. நிறுத்தப்பட்டது இடது எஞ்சின். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் விழுந்த ஏடிஆர் 72இல் எந்த எஞ்சினும் கெடவே இல்லை. தரையிறங்கும் முன் இறக்கையின் மடிப்புகளை விரிக்கச் சொன்னபோது, அதற்கான நெம்புகோலை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த புரொப்பல்லர் நெம்புகோல்கள் இரண்டையும் கை பின்னே இழுத்துவிட்டது. இரண்டு புரொப்பல்லரும் ஃபெதர் ஆகின. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்க, உந்துவிசை மட்டும் இல்லாமல் போயிற்று. 72 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஜெட் விமானத்திலும் இது நடந்திருக்கிறது. 1989 ஜனவரி 8, லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் போன போயிங் 737-400. நடுவானில் இடது எஞ்சினின் விசிறி இதழ் ஒன்று ஒடிந்து, விமானம் குலுங்கியது, புகை வாடை வந்தது. விமானிகள் வலது எஞ்சினைக் குறைத்தார்கள். குலுக்கம் அடங்கியது. தானியங்கி த்ராட்டிலைத் துண்டித்ததால், பழுதான இடது எஞ்சினுக்கும் எரிபொருள் வரத்து நிதானப்பட்டது. அதனால் வந்த அமைதி அது. நாம் செய்தது சரிதான் என்று நம்பி, நல்ல எஞ்சினை நிறுத்தியே விட்டார்கள். அதிர்வைக் காட்டும் புதிய அளவி சரியாகவே காட்டியது. ஆனால் அது சின்னஞ்சிறியது, பழைய விமானங்களில் அதை நம்பிப் பழக்கமும் இல்லை. தரையிறங்கும் முன் இடது எஞ்சினிடம் கூடுதல் ஆற்றலைக் கேட்டபோது அது கைவிட்டது. கெக்வொர்த் என்ற ஊரருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதி 47 பேர் இறந்தார்கள்.

அந்த விமானத்தில், இடது பக்கத்தில் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் பலர் பார்த்தார்கள். கோளாறு வலது எஞ்சினில் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்ததையும் கேட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று சிலருக்கு உறுத்தியது. அவர் அறியாததா என்று இருந்துவிட்டார்கள். விமானப் பணியாளர்களும் இதை விமானிகளிடம் சொல்லவில்லை. அந்த விமானத்தில் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் எஞ்சின்கள் தெரியாது. பயணிகளின் சன்னலிலிருந்து தெரியும். விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையே பேச்சு தடையின்றி நடக்க வேண்டும் என்பது அந்த விபத்துக்குப் பிறகு பயிற்சிகளில் அழுத்தமாக இடம்பெற்றது. ஆகவே, எஞ்சினில் தீயையோ புகையையோ பார்த்தால், புரொப்பல்லர் நின்றிருப்பதைக் கவனித்தால், பணியாளரை உடனே கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். விமானிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.